கடைசி எழுத்து

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஜாதகம் பொருந்தி, குடும்பம் பொருந்தி, பார்த்த மாத்திரத்தில் எனக்கும் பிடித்துப்போன ஒரு பெண்ணை, நான்கு ஆங்கில எழுத்து சரியில்லை என்று வேண்டாமென்றவன் நான். போகட்டும், அந்த நான்கு எழுத்தையாவது ஒழுங்காகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் அம்மா என்னை அழைத்த பெயர்களில் அச்சில் போடக்கூடியது ‘கோட்டிக்காரப் பய’ ஒன்றுதான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் எங்கள் மேனேஜர் மேடம்தான் நினைவில் வந்து நிற்கிறார். சாரல் விழுகிற மதியங்களில், யாரோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அடுத்துப் பேசப்போவதை எழுதிவைப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றும். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

தென்காசியில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் எனக்கு வேலை. ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி என்று மதுரைக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற ஒரே லட்சியத்தோடு போனவன், மனித குலத்தைப் பதினாறாகப் பிரிக்கும் கேள்வித்தாளோடு திரும்பினேன். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒருவர், மனிதர்களில் சிலர் உள்நோக்கிகள், சிலர் வெளிநோக்கிகள் என்று ஆரம்பித்துவைத்தாராம். அதை எடுத்து அமெரிக்காவில் ஓர் அம்மாவும் மகளும் கேள்வித்தாளாக்கினார்கள். டிக் போட்டு முடித்தால் நான்கு எழுத்து கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஈ-என்-எஃப்-பி. கலகலப்பானவர், கற்பனை மிக்கவர், எல்லோருக்கும் இனியவர் என்று போட்டிருந்தது. இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் விஞ்ஞானத்தை எப்படி நம்பாமல் இருப்பது? ஆபீஸில் ஒருவரையும் விடவில்லை. எங்கள் அட்டெண்டர் அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டா பிரமோஷன் உண்டா தம்பி?” என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் மேடம் மாற்றலாகி வந்தார். சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். ஐம்பதை நெருங்கும் வயது, ஒட்டிய கன்னம், இஸ்திரி கலையாத பருத்திப் புடவை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் இருக்கை. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். காதுக்கு ஒரு சாண் பின்னால், அங்கே இன்னொரு ஆள் நிற்பது போல அந்த இடத்தைப் பார்ப்பார். பாலிசி விஷயமாக வந்தவர்கள் தம்மை அறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கே சுவர்தான் இருக்கிறது என்று கண்டு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். ஒருவர்கூட இரண்டாம் முறை திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

அவரிடமும் தாளை நீட்டினேன். தொடவில்லை. “ஆளு தன்னப்பத்தி என்ன நெனச்சுக்கிட்டிருக்கான்னு இது சொல்லும். ஆளு யாருன்னு சொல்லாது” என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் எதிர்க்கட்சி. அதே சுவிட்சர்லாந்துக்காரரிடமிருந்து கிளைத்த இன்னொரு வழி, லிதுவேனியாவில் ஒரு பெண்மணி உண்டாக்கியது. அதிலும் பதினாறு வகை, அதே போல நான்கு எழுத்து. ஆனால் அவர்களுக்குத் தனி ஆள் முக்கியமில்லை. எந்த வகைக்கும் எந்த வகைக்கும் இடையே என்ன நடக்கும் என்பதுதான் கணக்கு. ஒரு வகைக்கு ஒரு வகை இணை, ஒரு வகை பகை. இன்னும் ஒரு வகை, ஒருவழிக் கண்ணாடி போல, இவனுடைய பலவீனத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பொருத்த அட்டவணையை யாரோ குளிர்ப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது மாதிரி இருந்தது. என் கட்சிக்குப் பேப்பர் போதும்; அவர் கட்சிக்குப் பார்வைதான் வேண்டும். “உங்க வகைக்கு அட்டவணைதான் குருட்டு இடம். எந்த அட்டவணையப் பாத்தாலும் ஒரு வரி தள்ளிப் பாப்பீங்க” என்றார் மேடம். “என் வகையோ, அந்தக் குருட்டு இடத்தை மட்டும் பாக்குத வகை.” இதையும் என் காதுக்குப் பின்னால் பார்த்துத்தான் சொன்னார்.

நான் விடவில்லை. டீ வரும் நேரமெல்லாம் வாதாடினேன். ஒருநாள் சாயங்காலம், ஸ்டேப்ளருக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேடம் என்னிடம் நீட்டினார். பென்சில் எழுத்து. அன்று மத்தியானம், கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு பாய் என்மேல் கோபப்பட்டபோது, நான் அவரைச் சிரிக்கவைக்கச் சொன்ன ஜோக் அதில் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை. “காலையில எழுதினது” என்றார். நான் சிரித்தேன். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். ‘சிரிப்பார்’ என்று எழுதியிருந்தது.

அந்த ஆடியில் ஒரு வேலைநாள் மத்தியானம் ஆபீஸ் மொத்தமும் குற்றாலம் போனோம். மேகம் மலையிலிருந்து இறங்கி ரோட்டில் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒரு முதுகு, ஒரு கை, தலையில்லாமல் வருகிற ஒரு துண்டு. மேடம் குளிக்கவில்லை. குடையோடு படிக்கட்டில் நின்றுகொண்டார். அட்டெண்டர் அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பேரருவிக்குக் கீழே வந்தார். தலையில் தண்ணீர் விழும்போது மனிதனுக்கு வேறெதுவும் கேட்காது. திடீரென்று அந்தத் தண்ணீருக்கு மண்வாசனை வந்தது. நிறம் மாறியது. பொடிக் கற்கள் தோளில் விழுந்தன. யாரோ “ஆர்ச்சத் தாண்டி வருதுவே!” என்று கத்தினார்கள். அருவிமேல் கட்டிய அந்த வளைவைத் தண்ணீர் தாண்டினால் வெள்ளம் என்று அர்த்தம். போலீஸ் விசில் கேட்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது பஜ்ஜிக்கடை. அங்கே வந்துதான் என் தோள் லேசாக இருப்பதை உணர்ந்தேன். அண்ணாச்சியை ஒரு போலீஸ்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அண்ணாச்சியின் உதடு நீலமாக இருந்தது. “அண்ணாச்சி, உங்களுக்கு எடம் பிடிக்கத்தான் முன்னால ஓடியாந்தேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார், பல் தந்தியடிக்க.

மேடம் குடையோடு பக்கத்தில் வந்து, கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். ‘கூட வந்தவரை விட்டுட்டு ஓடுவார். எடம் பிடிக்கப் போனேன்னு சொல்வார்.’ தென்காசியில் வேன் ஏறுமுன் எழுதியதாம். என் ஈரக் கையில் அது கரைந்து, பென்சில் எழுத்து மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது. அன்று பூராவும் சோப்புப் போட்டேன். எழுத்து போய்விட்டது. ஆனால் அந்த ஓட்டத்தில் என் கால்களை யார் ஓட்டினார்கள் என்ற கேள்வி போகவில்லை.

பெண் பார்க்கப் போனது அதற்கடுத்த மாதம். இலஞ்சி கோயிலில் வைத்துப் பார்த்தோம். பெண்ணுக்குப் பாவூர்சத்திரம், மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் கடையில் பார்மசிஸ்ட். எங்கள் அம்மா பத்து வாக்கியம் பேசினார், அவள் அம்மா இருபது. அவள் பேசியது ஒன்றே ஒன்று. என் அருகே வந்து, தாழ்ந்த குரலில், “சட்டைய உள்பக்கம் வெளிய போட்டிருக்கீங்க” என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஜோக் அடித்திருப்பேன். அன்று ஜோக்கே வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இந்தக் குரல் வீட்டுக்குள் நடமாடினால் நன்றாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தரகர் மூலம் கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் நீல மையில் அழகாக டிக் போட்டு வந்தது. ஐ-எஸ்-டி-ஜே. என் கட்சிப் புத்தகத்தில் அவள் நேரம் தவறாதவள், டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிறவள். அங்கே சரி. ஆனால் கல்யாணத்துக்கு என் கட்சியில் அட்டவணை கிடையாதே. எனவே எதிர்க்கட்சி அட்டவணையை இன்டர்நெட்டில் தேடி எடுத்து, என் நான்கு எழுத்தையும் அவள் நான்கு எழுத்தையும் வைத்துப் பார்த்தேன். பகை. பதினாறில் இருப்பதிலேயே மோசமான கட்டம். பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒருவரையொருவர் அரித்துத் தின்பார்கள் என்ற கணக்கில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு பெண்கள் தெரிய ஆரம்பித்தார்கள். ஒருத்தி கோயிலில் தாழ்ந்த குரலில் பேசினாள். இன்னொருத்தி அவளுக்கு ஒரு சாண் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“ஏலே, ஜாதகத்துல ஒம்பது பொருத்தம் இருக்குன்னு சொல்லுதாவ. நீ எழுத்து சரியில்லங்கே. அவ என்ன போஸ்ட் ஆபீஸ்லயா எழுதிப் போடப் போறா?” என்று அம்மா அழுதார். மேடத்திடம் சொன்னேன். “அப்படியா?” என்று மட்டும் சொன்னார், பென்சிலை எடுத்தார்.

இரண்டு மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி நாள், பட்டப்பகலிலேயே விளக்குப் போடும்படியான மூட்டம். உள்ளே கூப்பிட்டு, இரண்டு கட்சி அட்டவணைகளையும் அருகருகே வைத்தார். “உள்நோக்கி ஆளுங்களுக்குக் கடைசி எழுத்து தலகீழ். உங்க கட்சியில அது ஆளு வெளிய காட்டுத முகம். எங்க கட்சியில உள்ள இருந்து நடத்துத குணம். அங்க ஜேன்னா இங்க பி. வெளிநோக்கிக்கு மாறாது, அதான் உங்களுது அப்படியே இருக்கு.” விரலை ஒரு கட்டம் நகர்த்தினார். பகைக் கட்டத்திலிருந்து இணைக் கட்டத்துக்கு. பதினாறில் எனக்கென்றே ஒதுக்கிய ஒரே கட்டம். நான் சிரித்தேன். “இனி லேட்டு மேடம்” என்றேன். அவர் டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ‘தப்பு தெரிஞ்சதும் சிரிப்பார். நிம்மதியா இனி லேட்டுன்னு சொல்வார்.’

அந்த ‘நிம்மதியா’ என்ற வார்த்தையைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். ஏனென்றால் அது உண்மை. அவள் எதிரே எனக்கு ஜோக் வராமல் போன அந்த ஒரு நிமிடத்திலிருந்து, ஓடுவதற்கு ஒரு விசில் சத்தம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அட்டவணை விசில் ஊதியது.

“எப்ப எழுதினீங்க?”

“நீங்க வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“நீங்க கேக்கலயே.”

இன்னொரு சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. வாங்கிப் பிரித்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை. “இதுக்கு மேல ஒண்ணும் தெரியல எனக்கு” என்றார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்று ஒருமுறைதான். சாதாரணக் கண்கள். களைத்த கண்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போது அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வேறு மேனேஜர். வாயில் போட்ட பாக்கைத் தவிர அவர் எதையும் கவனிப்பதில்லை. இரண்டு கட்சிகளில் எது சரி என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அம்மாவும் மகளும் செய்த தாள் என் முகத்துக்கு நேரே என்னைப் புகழ்ந்தது. லிதுவேனியாக்காரம்மா வழி என் பின்னாலிருந்து என்னைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நின்றேன் என்பது இரண்டிலும் இல்லை.

மேடம் போன மறுநாள் காலை லீவு போட்டுப் பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். ஓடாமல் எதை நோக்கியாவது போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழியெல்லாம், இதையும் எங்கேயோ ஒரு சீட்டில் எழுதிவைத்திருப்பார்களோ என்று பைக்குள் கைவிட்டுக் கைவிட்டு அந்த வெள்ளைச் சீட்டைத் தடவிக்கொண்டேன். மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளைத் தாண்டி அந்த மெடிக்கல் கடைக்குள் போனபோது அவள் ஒரு பெரியவருக்கு மாத்திரை எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எண்ணுவதை நிறுத்தவில்லை. பெரியவர் போகட்டும் என்று காத்திருந்து, ஒரு ஜோக்கும் அடிக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கட்சி, பதினாறு வகை, தலைகீழாகிற கடைசி எழுத்து, நான் பார்த்த தப்பான கட்டம். தப்பு முழுக்க என்னுடையது, நீங்கள் டிக் போட்ட தாள்படி உலகத்திலேயே எனக்குப் பொருந்துகிற வகை நீங்கள்தான், இன்னொருமுறை யோசிக்க முடியுமா என்று கேட்டேன்.

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்து டிராயரில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“அந்தத் தாள எழுதுனது எங்கம்மா.”