மேரியின் கணினியிடம் நான் கேட்ட கேள்வி

கம்மாபுரத்தில், நிலம் கையைவிட்டுப் போகப்போகும் விவசாயிகளிடம் நாளிதழ்ச் செய்திக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். பீங்கான் சூளை வைத்திருக்கும் குமரவேல் போனில் கூப்பிட்டார். "மேரியம்மா போயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." பிறகு, "அந்தக் கம்ப்யூட்டரு என்னங்க ஆவும்?" என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள்; அழுதுகொண்டேதான் கேட்டார். அந்தத் துக்கத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் போனால் என் குறிப்புகள் என்ன ஆகும் என்று இந்த ஊரில் ஒருவரும் கலங்கமாட்டார்.

பீங்கான் சூளைகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் ஆரோக்கியமேரி வடிவமைப்புக் கடை வைத்திருந்ததை விருத்தாசலத்தில் பலரும் அறிவீர்கள். அதற்கு முன் எங்கள் நாளிதழில் பக்கம் வடிவமைத்தார். இடம் போதாதபோது என் செய்தியின் கடைசிப் பத்தியை வெட்டுவார். "கடைசிப் பத்தியில நீங்களே அழுதுடுறீங்க சார். படிக்கிறவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க" என்பார். வெட்டிய பிறகு செய்தி நன்றாக இருக்கும். அது எனக்குப் பிடிக்காது.

சூளைகளுக்கான அட்டைப்பெட்டி, கேட்டலாக் எல்லாவற்றையும் இணையத்தில் இயங்கும் ஒரு வடிவமைப்புக் கருவியில் செய்தார். பொருளுக்கு விளக்கம் எழுத மட்டும், கேட்டால் வாசகம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஒரு மொழி மாதிரியைத் தன் கடைக் கணினியிலேயே நிறுவினார். வெளியூர்க் கம்பெனியின் கணினியை அவர் நம்பியிருந்தால் கடைக்கு ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். பீங்கானுக்குப் பளபளப்பு தரும் பூச்சுக் கலவையை இங்கே ஒவ்வொரு சூளைக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கலக்குவார். ஆனால் நல்ல விளக்கம் எழுத அதுவும் தெரிய வேண்டும். ஆகவே முழு விவரமும் கடைக்குள்ளேயே இருக்கும். உரிமையாளர் ஒப்புக்கொண்ட வரிகள் மட்டும் இணையக் கருவிக்குப் போகும்.

இரண்டையும் இணைக்கப் பல வாரம் போராடினார். மாதிரி தனியாக நன்றாகவே பதில் சொன்னது. வடிவமைப்புக் கருவியிலிருந்து கூப்பிட்டால் மட்டும், இணையப் பக்கத்தைத் திறக்கும் உலாவி குறுக்கே நின்று தடுத்தது. ஒரு மத்தியானம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினார்: "யாரை உள்ள விடலாம்னு வூட்டுக்காரங்க பேரச் சொல்லணும் சார். நான் கதவ மட்டும் தொறந்து வெச்சிட்டு, பேரச் சொல்லாம உக்காந்திருக்கேன்." அந்தக் கருவியின் முகவரிக்கு மட்டும் அனுமதி தரும் ஒரு வரியைக் கணினியில் சேர்த்தார். திரையில் காலியாக இருந்த கட்டத்துக்குள் தமிழ் எழுத்துகள் வந்து நிறைந்தன. அவர் என் முகத்தைப் பார்த்தார். டீ ஆறிவிட்டது என்றேன்.

அது முதலில் எழுதியது குமரவேலின் விளக்குக்கு. ஆயிரமாண்டுப் பாரம்பரியம் என்று ஆரம்பித்திருந்தது. குமரவேல் படித்துவிட்டு, "ஆயிரம் வருஷமா? எங்கப்பா போட்ட சூளைங்க இது. மொதல் தீ வெச்சப்ப நானே பக்கத்துல நின்னேன்" என்றார். மேரி சிரித்து முடித்துவிட்டு, மாதிரிக்கான நிரந்தரக் கட்டளையில் ஒரு வரி எழுதினார்: 'கொடுக்காததைச் சொல்லாதே.'

வேலை முடிந்ததும் உரிமையாளர் கண் முன்னாலேயே அவர் தந்த விவரத்தை அழித்துவிடுவார். "அடுத்தவங்க விஷயம் என் கடையில ராத்தங்கக் கூடாது" என்பது அவர் வழக்கம்.

தலை நரைக்கும்வரை இந்த எஸ்டேட்டைச் சுற்றியவன் நான். என்னிடம் ஒருவரும் ஒரு கலவையையும் சொன்னதில்லை. மேரிக்கு எதிரில் உட்கார்ந்து அவர்கள் ஒவ்வொன்றாக ஒப்பிப்பதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீங்க கேட்டா பேப்பர்ல வரும் சார். நான் கேட்டா டப்பா மேல வரும், அதுவும் அவங்க சரின்னாத்தான்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் கணவர் சேவியர் கடையைத் திறந்தார். சூளைக்காரர்கள் வந்து கூடியிருந்தார்கள். மேரி கடைசியாகச் செய்தது குமரவேலின் புதிய பச்சைப் பூச்சுக்கான கேட்டலாக். அது முடிந்த அன்று குமரவேல் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்ததால், விவரம் அழிக்கப்பட்டதைக் கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் கலவை வெளியே போனால் அவருக்குச் சூளையில் சொந்தமென்று ஒன்றும் மிஞ்சாது. கணினி முன்னால் யார் உட்காருவது என்று எல்லோரும் தயங்கினார்கள். சேவியர் என்னைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க சார். உங்களுக்குத்தான் சூளை கிடையாது."

மற்ற சூளைக்காரர்கள் யாரும் சொல்லாமலே வெளியே போய் நின்றார்கள். குமரவேலின் பெயரில் இருந்த கோப்புறை காலியாக இருந்தது. அவர் திரும்பி வரும்வரை காத்திராமல் மேரி அன்றே அழித்திருந்தார். "அதுகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார் குமரவேல். பச்சைப் பூச்சில் என்ன கலக்கிறார்கள் என்று மாதிரியிடம் கேட்டுத் தட்டினேன். அத்தனை காலம் கேட்க நினைத்த கேள்வி. 'அந்த விவரம் எனக்குத் தரப்படவில்லை. உரிமையாளரிடம் கேளுங்கள்' என்று பதில் வந்தது.

குமரவேல் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உரிமையாளரைக் கேக்கச் சொல்லுது" என்றேன். அவர் சிரித்தார். கலவையைச் சொல்லவில்லை.

மேரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'கொடுக்காததைச் சொல்லாதே' என்ற வரியை. செய்தியாளனான நான் எழுதியிருக்க வேண்டியது. அவர் ஒரு இயந்திரத்துக்காக எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இதற்குக் கீழே இன்னொரு பத்தி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.