உடையாத மெஷினும் உடைகிற மெஷினும்

கீழ்வேளூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் ஊரிலுள்ள பம்புசெட்டுகள் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். மற்றவர்களுக்குப் பஞ்சம், எனக்கு அறுவடை.

எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவருக்கு சிங்கப்பூரிலிருந்த மருமகன் ஒரு வாக்குவம் கிளீனரை நாகப்பட்டினம் கப்பலில் அனுப்பிவைத்தார். நின்றுகொண்டே தள்ளுகிற வகை. வார்ப்பு அலுமினிய உடம்பு, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் துணிப்பை. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் தன் நிலத்தைச் சமையல்காரர், காரியஸ்தர், தொட்டிலில் கிடந்த பேரன் என்று பலர் பெயருக்கும் மாற்றிவிட்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சொந்தப் பெயரிலேயே இருந்தது இந்த மெஷின் ஒன்றுதான் என்று ஊரில் சொல்வார்கள்.

மெஷின் வந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறில் ஆட்கள் வேலைக்கு வரவில்லை. வீடு பெருக்கும் பெண்களும் நின்றுவிட்டார்கள். இரண்டாம் நாளே என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் களஞ்சிய அறை நடுவில் மெஷின் நிற்கிறது, பக்கத்தில் மிராசுதார் வியர்த்து நிற்கிறார்.

"உறுமுது, நகர மாட்டேங்குது" என்றார்.

திறந்தேன். உள்ளே ஒரு படிக்குக் குறையாமல் நெல்.

"அய்யா, இது கம்பளத்துக்கான மெஷினுங்க."

"நம்ம வீட்ல கம்பளம் ஏது? நெல்லுதான் இருக்கு."

நெல்லைக் கொட்டினேன். அறுந்த பெல்ட்டுக்குப் பதில் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். அவ்வளவுதான், ஓடியது. உள்ளே காற்றை இழுக்கும் விசிறியில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாம் ஒரே அளவுத் திருகாணிகள், ஒரே திருப்புளி போதும். செய்தவன் யாரோ, நமக்குப் பிறகும் இதை ஒருவன் திறப்பான் என்று நினைத்துச் செய்திருக்கிறான். அன்று அதன்மேல் எனக்கு வந்த மரியாதை மிராசுதார்மேல்கூட வந்ததில்லை.

கூலி ஒப்பந்தம் ஆனது, ஆட்கள் திரும்பினார்கள், மெஷின் மாடிப்படிக்கு அடியில் போனது. பிறகு நிலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பல பெயர்களில் இருந்த நிலத்தை அந்தந்தப் பெயர்க்காரர்களே உழத் தொடங்கிவிட்டார்கள். மிராசுதாரின் மகன் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கென்று ஒரு மண்டபம் கட்டினார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டிக் கரையும் மாறும். மண்டபத்துச் சிவப்புக் கம்பளம் மட்டும் மாறவில்லை.

அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினார். ஓட்டல்களுக்கென்றே செய்ததாம். மூன்று மாதத்தில் மூன்று முறை என் கடைக்கு வந்தது. அதில் திருகாணியே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். திறந்தால் ஒன்று உடையும், மூடினால் இன்னொன்று. ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அதன் வயர் பழசைப்போல மூன்று மடங்கு நீளம், எர்த்தும் உண்டு. பழசு என்னை இரண்டு முறை ஷாக் அடித்திருக்கிறது.

"பழசு எவ்வளவோ தேவலை" என்று நான் சொல்லப்போக, மகன் அதையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு கல்யாணம் முடிந்த மதியம், கம்பளம் முழுக்க அட்சதை. பழசை ஓட்டிக் காட்டினேன். அரிசி உள்ளே கடுகு பொரிவதுபோலச் சடசடத்தது. அடுத்துப் புதுசு. அமைதியாகத்தான் இழுத்தது, ஒரு கொட்டைப்பாக்கு போய் மாட்டும்வரை. பிளாஸ்டிக் விசிறி இரண்டாகப் போயிற்று.

உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து உறுதியைப் பற்றி நான் நெடுநேரம் பேசினேன். மகன் தலையாட்டினார். பிறகு ஏதோ தோன்றி, மண்டபம் பெருக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். பூம்புகார்க் கடலோரத்துப் பெண், நாற்பது வயதிருக்கும்.

"நீதானே தள்ளப்போற. எத வச்சுக்கலாம், சொல்லு."

பழசைக் கம்பளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை தள்ளிப் போய்வந்தாள்.

"புதுசே இருக்கட்டுங்க."

"அதான் உடையுதேம்மா" என்றேன் நான்.

"உடையட்டுங்க. உடைஞ்சா உங்க கடையில நாலு நாள் கெடக்கும். அந்த நாலு நாளும் கம்பளத்த வாட்ச்மேனும் டிரைவரும்தான் வெளிய தூக்கிட்டுப் போய் உதறணும். இந்தப் பழசு உடையவே உடையாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் நான் எப்பங்க உக்கார்றது?"

மகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மெஷின்களைத் திறந்திருக்கிறேன், ஒன்றைக்கூட ஒரு மண்டப நீளத்துக்குத் தள்ளியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதுசுக்கு வேறு விசிறி வாங்கிப் போட்டேன். பழசை, "உங்களுக்குத்தான் பிடிச்சிருக்கே, எடுத்துக்கங்க" என்று மகன் எனக்கே கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனி லக்கேஜ் டிக்கெட்டுங்க" என்றார். கீழ்வேளூரில் இறங்கி, நிறுத்தத்திலிருந்து கடைக்குப் போவதற்குள் அதை மூன்று இடத்தில் கீழே வைத்தேன்.