சேரோடு ஜவுளிக்கடைக்குப் போனோம்

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே என் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை போட்டான். வங்கியில் வேலை பார்க்கிறவன். கட்டம் போடாமல் அவனுக்குக் காப்பிகூட இறங்காது. எந்த ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையிலிருந்து எத்தனை மணிக்குக் கார், திருச்சியில் எந்தக் கடை, தள்ளுபடி என்றைக்கு முடிகிறது, யார் எந்த மாடியில் எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தது. முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். நல்ல அட்டவணையைக் கண்டால் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சி ஐந்தாவது வரி வரைக்கும் நீடித்தது.

‘அம்மா: பட்டுச்சேலை ஒன்று. வீட்டில் இருப்பார். போட்டோ அனுப்பி ஓகே வாங்கவும். பத்து நிமிடம்.’

எங்கள் குடும்பத்தில் தீபாவளித் துணிக்கு ஒரு முறை உண்டு. முதல் துணி வீட்டின் மூத்த பெண்ணுக்கு. அவள் சேலை பைக்குள் போன பிறகுதான் மற்றவர்கள் எதையும் கையில் எடுக்கலாம். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி என் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் அம்மா அவசரப்படுகிற ஆள் இல்லை. கீழ ராஜ வீதிக் கடையில் காலையில் உட்கார்ந்தால் கடைக்காரர் இரண்டாவது காப்பி வாங்கித் தருகிற வரைக்கும் எந்தச் சேலையையும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இவள் இப்படி நின்றாள். அம்மா காலமான பிறகு பணிமூப்பு இவளுக்கு வந்தது. வந்த நாலாம் வருடம் முழங்கால் போயிற்று.

போன வருடம் அவள் வீட்டில் இருந்தாள். நான் கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தோடு படுத்திருந்தேன். கடையிலிருந்து நாலு போட்டோ வந்தது. “மூணாவது பரவாயில்ல” என்று இவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பில் போட்டாகிவிட்டது. போட்டோவில் மாவிலைப் பச்சையாக இருந்தது, வீட்டுக்கு வந்தபோது குளத்துப் பாசி நிறத்தில் இருந்தது. “ஒங்களுக்குத்தான் அத்தை மொதல்ல எடுத்தோம்” என்றாள் மருமகள். அவள் சொன்னதில் பொய் இல்லை. முறை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டிருந்தது.

அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். குழுவைக் கூட்டினால் ஆளுக்கு ஆள் பேசுவார்கள். அதனால் கூட்டாமலே தாளைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவோம். யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கோப்பு சொல்லும். எத்தனையோ கோப்புகளை நானே அப்படி முடித்திருக்கிறேன். அதனால்தான் ஐந்தாவது வரியைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது.

என் மனைவி அந்தப் பாசிநிறச் சேலையைத் தீபாவளி அன்று காலையில் கட்டினாள். அப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் அதைக் கட்டவில்லை. “துணி நல்ல துணிதான்” என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருடம் மருமகள் அட்டவணையைச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது இவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “நானும் வாரேன்” என்றாள்.

“அந்தக் கூட்டத்துல ஒன்னால நிக்க முடியுமாம்மா?” என்றான் மகன்.

“நிக்க யாரு வாரா? ஒக்காந்து பாக்குறேன்.”

“வீடியோ கால் போடுறேன் அத்தை. பக்கத்துல நின்னு பாக்குற மாதிரியே இருக்கும்.”

“வீடியோவுல துணியக் கசக்கிப் பாக்க முடியுமா?”

இவள் கொத்தவரங்காயை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் அதைப் பற்றிய பேச்சே அவளிடம் நின்றுபோகும். போன வருடம் அப்படித்தான் நின்றது. இந்த வருடமும் நின்றுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் போட்டோதான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினேன்: ‘வரிசை எண் ஐந்துக்கு ஆட்சேபம். சம்பந்தப்பட்டவர் நேரில் வருவார். ஏற்பாடுகளுக்கு நான் பொறுப்பு.’ மகன் கட்டைவிரல் படம் போட்டான். அது சம்மதமா, கிண்டலா என்று இன்றுவரை தெரியாது. சம்மதம் என்று பதிவு செய்துகொண்டேன்.

முதலில் கடைக்கு போன் அடித்தேன். லிஃப்ட் உண்டு என்றார்கள். பட்டுப் பிரிவு மூன்றாம் மாடி. உட்கார நாற்காலி?

“சேர் இருக்கும் சார். ஆனா ஆஃபர் நேரத்துல எல்லாத்தையும் எடுத்துருவோம். எடம் பத்தாது.”

“வயசானவங்க எங்கம்மா ஒக்காருவாங்க?”

“வயசானவங்க அவ்வளவா வர மாட்டாங்க சார்.”

நாற்காலியை எடுத்துவிட்டால் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தவர்கள்தான், திரும்பக் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். தல ஆய்வு இல்லாமல் எதற்கும் கையெழுத்துப் போடாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பாராட்டி வைத்த பெயர் அல்ல. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம், வாசலில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், லிஃப்டிலிருந்து பட்டுப் பிரிவுக்கு எத்தனை அடி, கழிவறை எந்த மாடி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். அது செய்யும்போது மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பின்னால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் கிடந்த மடக்கு நாற்காலியைத் துடைத்துக் கார் டிக்கியில் வைத்தேன். மகன் பார்த்துவிட்டான்.

“சேரைத் தூக்கிக்கிட்டு ஜவுளிக்கடைக்கா? மானமே போயிரும்ப்பா.”

“யாரு மானம்?”

“எல்லாரு மானமும்தான்.”

“ஒங்கம்மா தரையில சரிஞ்சா அப்பப் போகாதா?”

அவன் டிக்கியை மூடினான். கொஞ்சம் பலமாகத்தான் மூடினான்.

கடைவாசலில் காவலாளி மறித்தார். என் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை, தோளில் கயிறு.

“சேர்லாம் உள்ள விட மாட்டாங்க சார்.”

“எங்க எழுதியிருக்கு?”

பக்கத்துப் பலகையைக் காட்டினார். அதை நான் செவ்வாய்க்கிழமையே படித்திருந்தேன். வெளி உணவு, பெரிய பை, தலைக்கவசம், வளர்ப்புப் பிராணி.

“நாலு இருக்கு. இது அந்த நாலுல எது?”

அவர் நாற்காலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என் மனைவியின் காலைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் டை கட்டிய மேலாளரை அழைத்துவந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மருமகள் சற்றுத் தள்ளி நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தாள். எங்களுக்கும் அவளுக்கும் அந்த நிமிடம் சம்பந்தம் இல்லை.

“சார், ஒங்கள விட்டா எல்லாரும் சேரோட வர ஆரம்பிச்சிருவாங்க” என்றார் மேலாளர்.

“வரட்டும் தம்பி. சேரோட வர்றவங்க ஒக்காந்து நாலு சேலை கூட எடுப்பாங்க. நிக்க வச்சா ஒண்ணோட ஓடிருவாங்க. ஒங்களுக்கு எது வேணும்?”

கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, “அந்தப் பெரியவரு சொல்றது ஞாயந்தானே, விடுங்கய்யா உள்ள! வெயில்ல நிக்கிறோம்” என்று குரல் கொடுத்தார். மேலாளர் வழிவிட்டார். காவலாளியே நாற்காலியை லிஃப்ட் வரைக்கும் தூக்கிவந்தார். “எனக்கே ஒரு சேர் கேட்டு ரெண்டு வருசமாச்சு சார்” என்றார் மெதுவாக. மனுவாக எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்றாம் மாடியில் தூணை ஒட்டி நாற்காலியை விரித்து இவளை உட்காரவைத்தேன். சுற்றிலும் பெண்கள் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் இவள் ஒருத்தி முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது விற்பனையாளர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி.

“வாங்க சார்! நீங்க எடுத்து வைக்கச் சொன்ன மூணும் தயாரா இருக்கு சார்.”

அதுதான் நான் செவ்வாய்க்கிழமை செய்த இன்னொரு காரியம். அவள் அதிக நேரம் உட்கார வேண்டாம், கால் மரத்துவிடும் என்று, அரக்கில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, மஞ்சளில் பச்சைக் கரையோடு ஒன்று என மூன்று சேலைகளை நானே தேர்ந்தெடுத்துத் தனியே வைக்கச் சொல்லியிருந்தேன்.

மூன்றும் அவள் மடியருகே மேசையில் விரிந்தன. அவள் தொடவில்லை.

“இது யாரு எடுத்து வச்சது?”

“நான்தான். ஒனக்கு நேரம் மிச்சமாகட்டுமேன்னு.”

“எனக்கு நேரம் இல்லன்னு யாரு சொன்னா?”

நான் ஏதோ முழங்கால் என்று ஆரம்பித்தேன்.

“காலுதானே வலிக்குது. கண்ணும் கையும் நல்லாத்தானே இருக்கு. அவன் போட்டோவுல நாலு காட்டினான். நீங்க நேர்ல மூணு காட்டுறீங்க. ஒண்ணு கொறைஞ்சிருச்சு.”

மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. வாசலில் சட்டம் பேசி ஒருவனைக் கவிழ்த்துவிட்டு வந்த எனக்கு அங்கே சொல்ல ஒரு விதியும் அகப்படவில்லை. சர்வீஸில் நான் பிறப்பித்த உத்தரவை நானே ரத்து செய்ததில்லை. அன்று செய்தேன். “மூணையும் உள்ள வைங்க தம்பி. அம்மா கேக்குறதை எடுங்க” என்றேன்.

அவள் கேட்க ஆரம்பித்தாள். அந்த மேல் தட்டிலிருந்து, இல்லை, அதுக்கு அங்கிட்டு. முந்தியை விரிங்க. உள்பக்கம் காட்டுங்க. வெளிச்சத்துக்குக் கொண்டுவாங்க. ஒவ்வொரு சேலையின் ஓரத்தையும் விரலிடையில் வைத்துக் கசக்கி, விட்டு, சுருக்கம் போகிறதா என்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் முதலில் எரிச்சலோடு பார்த்தார்கள். அப்புறம் இவள் வேண்டாம் என்று தள்ளுகிற சேலைகளை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வயதான ஒருத்தி, “எந்திரிக்கும்போது சொல்லு தாயி, நான் செத்த ஒக்காந்துக்கிறேன்” என்று இடம் பதிவு செய்துவைத்தாள். மேசையில் சேலை மலைபோலக் குவிந்தது. விற்பனையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இவள் முகத்தில் அப்படி ஒரு தெம்பை நான் பார்த்து நாளாயிற்று.

மதியம் தாண்டியது. இவள் கையைத் தட்டிக்கொண்டாள்.

“ஒண்ணும் பிடிக்கல. கெளம்புவோம்.”

“அம்மா!” என்றான் மகன். “இன்னையோட ஆஃபர் முடியுதும்மா. ஒனக்கு எடுக்காம நாங்க யாரும் எடுக்க முடியாதே. ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிரு.”

“ஏதாச்சும் ஒண்ணுதான் போன வருசம் எடுத்தாச்சே.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க எடுத்துக்குங்கப்பா. நான் வேணாங்கல. போன வருசம் எனக்கு எடுத்துட்டதா நெனச்சுக்கிட்டு நீங்க எடுத்தீங்க. இந்த வருசம் எனக்கு எடுக்கலன்னு தெரிஞ்சே எடுங்க.”

மருமகள் கையில் தனக்கென்று பார்த்து வைத்திருந்த ஒரு சுடிதார் இருந்தது. அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று அதைக் கையில் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அதை மேசையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில், அத்தனை கால்களுக்கு நடுவே, தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அத்தை, ஒங்களுக்கு என்ன கலருதான் வேணும்?”

“தெரியலையேம்மா. பாத்தாத்தான் தெரியும்.”

“போன வருசம் அந்தப் பச்சை பிடிக்கலையா?”

“பிடிக்கல.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்கம்மா கேட்ட?”

மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. சண்டை வருமோ என்று நான் குறுக்கே விழத் தயாரானேன். அவள் எழுந்து, “கெளம்புங்க, எனக்கும் இன்னைக்கு ஒண்ணும் வேணாம்” என்று சொல்லி இவள் கையைப் பிடித்து எழுப்பினாள். மகன் வாய்க்குள் ஏதோ சொன்னான். ஆனாலும் நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டது அவன்தான். இடம் பதிவு செய்திருந்த அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “போயிட்டு வாங்க. நாங்க எங்க சேரைக் கொண்டுவாரோம்” என்றார் அவர். அதற்குள் மேலே வந்து பக்கத்தில் நின்ற மேலாளரின் முகத்தைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

தள்ளுபடியின் கடைசி நாளில், அத்தனை கட்டம் போட்ட திட்டத்தின் முடிவில், ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் வெறுங்கையோடு காரில் ஏறினோம். கீரனூர் தாண்டும் வரைக்கும் என் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

“அந்தக் கடையில லைட்டு சரியில்ல” என்றாள் பிறகு. “எல்லாமே மஞ்சளா தெரியுது. அடுத்த ஞாயித்துக்கெழமை வேற கடைக்குப் போவோம். காலையிலயே போயிரணும், ஆமா.”

அடுத்த ஞாயிறு எந்தக் கடையிலும் தள்ளுபடி கிடையாது என்று மகனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மருமகள் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, “எத்தனை மணிக்கு அத்தை?” என்று கேட்டாள்.