புரதமும் விரதமும்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். எழுதத் துணிந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா விஷயத்தில் வந்த கோபம் மட்டும் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கிக்கொண்டே வருகிறது என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். இராஜபாளையத்திலிருந்து ரயிலேறிப் போனேன். அக்கா பாயில் கிடந்தாள். முகமும் ஊதியிருந்தது. காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கஞ்சித் தண்ணீர்.

"இதுதானா சாப்பாடு?" என்று அவள் மாமியாரைக் கேட்டேன்.

"டாக்டரே சொல்லிட்டாரு, ஏட்டி. விரதம் இருக்கணுமாம். செவ்வாய், வெள்ளி மட்டும் போதுமான்னு கேட்டேன். தெனமும் வேணும்னுட்டாரு."

"விரதம்னா சொன்னாரு?"

"புரதம், புரதம்னு ரெண்டு தடவ சொன்னாரு. படிச்சவுக பேச்சு அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாதாக்கும்?"

டாக்டர் சொன்னது புரதத்தைத்தான் என்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் அந்தப் பாடம் இருந்தது. உயிருள்ள எந்த உடம்பும் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று சிலவற்றால்தான் ஆகியிருக்கிறது. சதை வளர்வது புரதத்தால், அது பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கிறது. இங்கே வெறும் கஞ்சியை ஊற்றி அக்காவைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். விரதக்காரி ஒரு வாய் பால் குடிப்பது எங்கும் உண்டு. வீங்கின உடம்புக்கு ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டு, தொழுவத்து மாட்டின் பால் முழுவதையும் பால்கோவா கிண்டுகிற கடைக்கு ஊற்றியிருக்கிறார் அந்தம்மா!

அப்போதே வண்டி பிடித்து அக்காவை டாக்டரிடம் கொண்டுபோனேன். மாமியாரும் வந்தார். நடந்ததைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "கேட்டீரா, புரதத்தை விரதமாக்கிட்டாங்க!" என்றார். அவரும் சிரித்தார். அக்கா பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்தார்.

அந்தம்மாவின் மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே திசை மாறியது.

"சிரிக்காதீக ஐயா. பருப்பு குடு, பாலு குடுன்னு சொல்லியிருந்தா இவுகளுக்குப் புரிஞ்சிருக்கும். எங்க அக்கா செத்திருந்தா யாருகிட்டப் போயி சிரிப்பீக?"

"படிக்காத ஜனங்களுக்கு நான் உக்காந்து பாடமா நடத்த முடியும்?"

"பாடம் வேண்டாம். பருப்பைப் பருப்புன்னு சொல்லுங்க, போதும்."

அவர் சீட்டு எழுதினார். அதையும் இங்கிலீஷில் எழுதினார்.

வெளியே வந்ததும் மாமியார் தணிந்த குரலில் கேட்டார்: "அப்போ பாலு குடுக்கலாமா, ஏட்டி?"

மறுநாள் தொழுவத்துப் பால் பால்கோவாக் கடைக்குப் போகவில்லை. அக்கா ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் பருப்புச் சோறும் சாப்பிட்டாள். வீக்கம் அப்படியேதான் இருந்தது.