பீட்டா மாமாவும் பதினொரு நாற்காலிகளும்

நம்மாளுக்கு ஆபீசில் பீட்டா மாமா என்று பெயர். எதையும் முழுசாக வேகுமுன்னே எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அவர் ஜாதகம். இருபது வருஷமாக புரோகிராம் எழுதுகிறார். போனுக்குப் புது அப்டேட் வந்தால் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டு நாள் மனைவியின் போனை இரவல் வாங்கிப் பேசுவார். "நான் ஒரு சோதனை எலி, அதுவும் சம்பளம் இல்லாத எலி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் தேவலை.

அவர் மனைவி ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தலைமை நர்ஸ். அங்கே பதினொரு நாற்காலி. ஒரு கூட்டம் திங்கள், புதன், வெள்ளி வரும். இன்னொரு கூட்டம் செவ்வாய், வியாழன், சனி. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இந்த முறைகளையெல்லாம் நோட்டில் எழுதி, ஆளாளுக்குப் போன் போட்டே அவருக்குத் தொண்டை வறண்டது. சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று மேனேஜர் பேச்செடுத்ததும், "எங்க வீட்டுக்காரர் கம்பெனியிலயே செய்யலாம் சார், நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

புரோகிராமுக்கு அஸ்திவாரமாக எந்த ஃப்ரேம்வொர்க்கை வைத்துக் கட்டுவது என்பதில் ஆபீசில் சண்டையே இல்லை. எந்தப் பதிப்பு என்பதில்தான் சண்டை. மூன்று வருஷமாக ஓடுகிற ஸ்டேபிளா, போன வாரம் சோதனைக்கு விட்ட பீட்டாவா?

"ஸ்டேபிள்லயே போலாம் சார். ஆஸ்பத்திரி வேலை" என்றாள் டெஸ்டிங் பார்க்கும் பெண்.

"அடுத்த வருஷம் எல்லாத்தையும் மறுபடி மாத்தணும்மா. இதுவே கொஞ்ச நாள்ல ஸ்டேபிள் ஆயிடும்."

"யார் சார் சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. வயது நாற்பத்தாறு, பழசைத் தொட்டால் கிழவன் என்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். பீட்டாவின் முதல் பக்கத்திலேயே, நிஜ வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது மற்றவர்களுக்காக எழுதியது என்று நம்மாள் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை பீட்டாவுக்கு அடுத்த பதிப்பு வந்தது. டெஸ்டிங் பெண் லீவு. திங்கட்கிழமை அவள் வந்து பார்க்கட்டும் என்று விட்டாரா மனுஷன்? கை அரித்தது, ஏற்றிவிட்டார். அதில் வாரத்தை ஞாயிறுக்குப் பதில் திங்களிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது நாள் திங்களாக இருந்தது செவ்வாயாகி, ஒவ்வொருவர் முறையும் ஒரு நாள் தள்ளிப்போனது. ஞாயிறு மாலை, திங்கள் கூட்டத்துக்கெல்லாம் செவ்வாய் வரச்சொல்லி மெசேஜ் பறந்தது, கீழே மனைவியின் பெயரோடு.

திங்கள் காலை போன் அடித்தது.

"என்னங்க, மெஷினெல்லாம் தயார், ஒருத்தரையும் காணோம். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நம்மாள் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, மெசேஜ் தப்பாகப் போன கதையைச் சொன்னார்.

மனைவி பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நீங்கதானேம்மா நாளைக்கு வரச் சொன்னீங்க?" என்று திட்டிக்கொண்டே வந்தார்கள். வெளியூர் கிளம்பிவிட்ட ஒரு அம்மாவைப் பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்தபோது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

ஸ்டேபிளுக்கு இறங்க நாலு நாள் ஆனது. பீட்டாவை நம்பி எழுதியதில் பாதியைக் குப்பையில் போட்டார்கள். டெஸ்டிங் பெண் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னை மாதிரி ஒரு மடையன் உலகத்துலயே கிடையாது" என்று அசடு வழிந்தார். வழக்கமாக இதற்கு மனைவி சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அந்த அம்மாவோட பையன் வந்திருந்தான். இதைப் பண்ணினது யாரு சிஸ்டர்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."