அரைப் பேரு வாங்கிய படங்கள்

தியேட்டரில் டிக்கெட் விற்பவளுக்குக் கை இருந்தால் போதும், வாய் வேண்டியதில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வேலையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு முன், இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஈரச் சரளைக்கல் பாதையில் இறங்கி வரும் வெறுங்கால்களின் சத்தம். தூரத்து மழை நெருங்கி வருவதுபோல இருக்கும். கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் பாட்டு நின்றுவிட்டால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்; அந்த மழை ஓடத் தொடங்கும்.

நான் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். கல்லூரியில் ஆங்கிலக் கவிதையெல்லாம் படித்துத் தேறியவள். ஆனால் அந்த வருஷங்களில், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனம் என்று, எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை. அது இல்லாதவர்களுக்கு அரசாங்க வேலையும் இல்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட நேரத்தில், என்னைப் பெண்கள் பக்கத்து டிக்கெட் ஜன்னலில் உட்காரவைத்தவர் தியேட்டர் முதலாளி நூர்தீன் ஹாஜியார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. படங்களை ஓசியில் பார்க்கலாம் என்று கூடுதலாக ஒரு சந்தோஷம். பல படங்களை ஓசியில்கூடப் பார்க்க முடியாது என்பது போகப்போகத் தெரிந்தது. தலைவலியோடு தியேட்டரை விட்டு வெளியே வந்திருக்கும் வாசகர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேரு போட்ட கதை

கொழுந்து பறிக்கும் வள்ளியம்மா எப்போதும் தன் லயத்து வரிசைவீட்டுப் பெண்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார். ஒருநாள் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "தங்கச்சி, படம் எப்படி?" என்றார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "இடைவேளை வரைக்கும் நல்லா இருக்குக்கா. அதுக்கப்புறம் டைரக்டர் கதைய மறந்துட்டாரு. இரட்டைப் பிள்ளை, கோர்ட்டு, குருட்டுப் பிச்சைக்காரன்னு கையில கிடைச்சதையெல்லாம் போட்டு அடைச்சிருக்காரு" என்றேன்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர் விழும். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும்; சம்பளமும் பாதிதான். வள்ளியம்மா பின்னால் திரும்பித் தன் கூட்டத்துக்கு என் விமர்சனத்தைச் சுருக்கிச் சொன்னார்: "அரைப் பேருதான்டி! பாக்கிறவ பாரு, மத்தவ வீட்டுக்கு நட."

மழை

அன்றிலிருந்து ஜன்னலில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தன பேரு?" சாமி படம் ஒன்றில் தேவர்களெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி விறைத்து நின்றார்கள், அதற்கு அரைப் பேருகூட அதிகம். இன்னொரு இயக்குநருக்கு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாத இடத்திலெல்லாம் மழை பெய்யவேண்டும். காதலித்தால் மழை, பிரிந்தால் மழை, வில்லன் திருந்தினாலும் மழை.

அந்தப் படம் முடிந்து, உலராத கம்பளியை உதறியபடி வெளியே வந்த ஒரு பெண் என் ஜன்னலில் நின்று நியாயம் கேட்டாள்: "மழையப் பாக்கவா தங்கச்சி நாங்க மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தோம்?"

பாடிக்கொண்டே செத்தவள்

மதராஸ் இயக்குநர் ஒருவர் தம் படம் ஓடும் ஊர்களைப் பார்க்க வந்திருந்தார். ஹாஜியார் மாலையெல்லாம் போட்டார். அந்தப் படத்தில் கதாநாயகனின் தாய் சாகும் தறுவாயில் எழுந்து உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டுப் பாடுவாள். எங்கள் அரைப் பேரு அவர் காதுக்கும் போயிருந்தது. நேரே ஜன்னலுக்கு வந்து, "என் படத்துல என்னம்மா குறை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே, வரிசையில் நின்ற வள்ளியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்காகப் பதில் சொன்னார். குரலில் கோபமே இல்லை. "ஐயா, எங்கம்மா சாகும்போது தண்ணி மட்டுந்தான் கேட்டுச்சு. பாட்டெல்லாம் பாடல."

வாய்ப்பூட்டு

விருந்தாளி போனதும் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "மகள், நீ இங்க டிக்கட் விக்கவா இருக்கிறாய், வாற சனத்தத் திருப்பி அனுப்பவா? இனிப் படத்தப் பத்தி ஒரு வார்த்த பேசினா, அண்டைக்கே வீட்டுக்குப் போகலாம்."

அடுத்து வந்தது பெரிய நடிகரின் படம். எத்தனை பேரு என்று வள்ளியம்மா கேட்டார். அப்பாவின் மருந்துப் போத்தல் கண்முன் வந்தது. குனிந்தபடி இருந்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வாயே தொறக்க மாட்டேங்குது. பேரே விழாத படம் போல. வாங்கடி, கடைக்குப் போவோம்" என்று அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்து ஹாஜியார் தலையில் கைவைத்தார்: "யா அல்லாஹ், இவ வாய மூடினா அதவிட மோசமா இருக்கே!" அதோடு அந்த வாய்ப்பூட்டு கழன்றது.

முழுப் பேரு

சில வருஷம் கழித்து அதே மதராஸ் இயக்குநரின் இன்னொரு படம் வந்தது. பெரிய நடிகர் ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை ஈயாடியது. மறுநாளே படப்பெட்டியைத் திருப்பி அனுப்ப ஹாஜியார் ஏற்பாடு செய்துவிட்டார். நான் ஆளில்லாத கலரிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தாய் பாயில் கிடக்கிறாள். மகன் ஓடி வருகிறான். பாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாட்டு வரவில்லை. "தண்ணி" என்றாள். செம்பு தரையில் உரசும் ஓசை. அவ்வளவுதான், அவள் போய்விட்டாள்.

நேரே ஹாஜியாரிடம் போனேன். "ஞாயிறு பகல் காட்சி வரைக்கும் ஓடட்டும் முதலாளி. இந்தத் தடவ நானே போய் வாயத் தொறக்கப் போறேன். பெண்கள் பக்கம் நிறையாட்டி நானே வீட்டுக்குப் போயிடுறேன்." அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், மறுக்கவில்லை. சனிக்கிழமை கருவாடு வாங்க வந்த வள்ளியம்மாவைத் தெருவிலேயே மறித்து, "முழுப் பேருக்கா" என்றேன். "நெசமாவா? நீ எதுக்கும் முழுப் பேரு போட்டதே இல்லியே!" என்று கருவாட்டுப் பொட்டலத்தோடு மலையேறினார்.

ஞாயிறன்று ஒலிபெருக்கி நின்ற பிறகும் சரளைக்கல் மழை நிற்கவில்லை. வட்டகொடையிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் இருந்தார்கள். ஹாஜியார் பக்கத்துத் தேநீர்க்கடை பெஞ்சுகளைத் தாமே தூக்கிவந்து போட்டார். போகிற போக்கில், "மகள், இனி நீ பாத்துப் பேரு போட்டாத்தான் நான் படப்பெட்டி எடுப்பன்" என்றார். படம் விட்டதும் வள்ளியம்மா என் ஜன்னலுக்கு வந்தார். கம்பளி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "நான் சொன்னத அந்தாளு காதுல வாங்கியிருக்காரு தங்கச்சி!"

அந்த வெற்றிக்குப் பிறகு இயக்குநருக்குப் பெரிய நடிகர்கள் கிடைத்து அவருடைய தாய்மார்கள் மறுபடியும் பாடிக்கொண்டே சாகத் தொடங்கினார்கள். வள்ளியம்மா, எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் வந்து கப்பலேறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து, அங்கேயே காலமானார்.