மரைக்காயரும் நானும் பார்த்த இரு படகுகள்

படகு ஒன்றை வாங்கியதனால் மரைக்காயருக்கும் எனக்கும் பகை மூண்டதென்று சிராங்கூன் சாலைக் கடைகளில் இன்றும் சிலர் சொல்லி வருகின்றனர். அவர் மறைந்துவிட்டார், மறுத்துரைக்க நான் ஒருவனே எஞ்சியுள்ளேன். எங்களிடையே ஒரு கடுஞ்சொல்லும் எழுந்ததில்லை. எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆதலின் நடந்ததை எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

நகரில் மின்னாற்றலால் ஓடும் திராம் வண்டிகள் புதிதாக வந்திருந்த காலம் அது. நான் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மரைக்காயர் சிராங்கூன் சாலையில் கைலிக் கடை வைத்திருந்தார். நாகப்பட்டினக் கரையில் வழிவழியாகக் கப்பலோட்டிய குடும்பம் அவருடையது. அவரோ கடையில் அமர்ந்தே நடுவயதைக் கடந்தவர். அவ்வாண்டு அவர் பார்வை ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் முழுதும் மறையும், மருந்தில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண்ணுள்ளபோதே தெற்கிலுள்ள தீவுகளையெல்லாம் கடல்வழியே சென்று பார்த்துவிட வேண்டுமென்று அவர் விரும்பினார். கடல் அறியாத நான் அவருக்குத் துணையாகப் படகு வாங்கும் செலவில் பாதிப் பங்கு ஏற்றேன்.

தரகர் ஒருவர் எங்களைக் காலாங் ஆற்றுமுகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே, பிறர் ஓட்டிப் பழகிய இரு படகுகள் விலைக்கு நின்றன. பெரியது, ஊர் திரும்பும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடையது. தேக்குமர உடல், உள்ளே இருவர் படுக்கத்தக்க அறை, மடக்கு மேசை, பித்தளை விளக்கு. சிறியது, காத்தோங் கரையைச் சேர்ந்த மலாய்க்காரர் ஒருவருடைய ஒற்றைப் பாய்மரப் படகு. அறையில்லை, முன்பக்கம் சிறு கீற்றுக் கூரை மட்டும் உண்டு.

மரைக்காயர் விரல் கணுவால் பலகைகளைத் தட்டிக்கொண்டே சென்றார். ஒலி மாறும் இடத்தில் நின்று, பேனாக்கத்தியின் முனையை மரத்தில் ஊன்றிப் பார்த்தார். பின்னர் ஒவ்வொரு படகின் அடித்தட்டிலும் தேங்கிய நீரில் விரல் தோய்த்து நாவில் வைத்தார்.

"இது மழைத்தண்ணி," என்றார், சிறிய படகில். பெரியதில் முகம் சற்றே சுளித்தது. "உப்பு. கடல் உள்ள வருது."

"கலப்பத்து போட்டா நின்னுடும் லா," என்றார் தரகர். பலகை இடுக்குகளில் பஞ்சும் பிசினும் திணித்து அடைக்கும் வேலையையே அவர் சொன்னார். "எந்தப் படகுதான் ஒழுகல? நம்ம மூக்கே ஒழுகுது!"

இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். பெரியதை ஓட்டப் படகோட்டிகள் நால்வர் தேவைப்பட்டனர். நாங்கள் மெத்தை இருக்கையில் விருந்தினர்போல் அமர்ந்திருந்தோம். சிறியதில் மரைக்காயரே சுக்கான் பிடித்தார். பாய்க்கயிறு என் கையில். காற்று பாயில் ஏறியதும் படகு ஒருபுறம் சாய்ந்தது. நான் மற்றொரு கையால் விளிம்பை இறுகப் பற்றினேன். அச்சமிருந்தது, அதனினும் மிகுதியாக, அதுவரை அறியாத ஒரு களிப்பும் இருந்தது. அவரோ கரை சேரும் வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

கரையில் தரகர் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "எது?"

"கிராணியார் சொல்லட்டும்," என்றார் மரைக்காயர்.

"நீங்க கடலறிஞ்ச குடும்பம். நீங்க சொல்லுங்க."

"பெருசு பாக்க அழகாத்தான் இருக்கு," என்றார் அவர், என் முகத்தைப் பார்த்தவாறு.

"ஆமா, உங்களுக்கு ஏத்த படகு," என்றேன் நான், அவர் முகத்தைப் பார்த்தவாறு.

தரகர் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பேசுறீங்க. கட்டிக்கப்போறது யாருன்னுதான் தெரியல!"

பெரியதை வாங்கினோம். கலப்பத்து வேலையிலேயே ஒரு பருவமழை கழிந்தது. பின்னரும் படகோட்டிகள் நால்வரும் ஒருசேரக் கிடைக்கும் நாள் அரிதாயிற்று. கிடைத்த நாள்களிலும் அருகிலிருந்த இரண்டொரு தீவுகளுக்கு அப்பால் சென்றதில்லை. சுக்கான் அவர்கள் கையில். மரைக்காயர் அறைச் சாளரத்தின் வழியே நீரைப் பார்த்திருப்பார். அவருக்கோ நேர்முன் உள்ளவை மட்டும், குழல் வழியே காண்பதுபோல், தெரியும் நிலை வந்துவிட்டது. படகை விற்றோம்.

விற்ற அன்று, ஆற்றுமுகத்தில் அச்சிறு படகு வேறொருவர் கையில் வெளியேறிக்கொண்டிருந்தது. மரைக்காயருக்கு அது புலப்படவில்லை. தோளைப் பற்றி அப்பக்கம் திருப்பினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அதத்தான் நான் நெனச்சிருந்தேன்," என்றார்.

"எங்கிட்டச் சொல்லலையே?"

"அன்னைக்கு விளிம்ப இறுக்கிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பயந்துட்டீங்க, புள்ளகுட்டிக்காரர், அறை வச்ச படகுதான் வேணும்னு நெனச்சேன்."

"பயந்தது நெசந்தான். ஆனா எனக்கும் அதுதான் புடிச்சிருந்துது. நீங்க வாயே தொறக்கல. கப்பல்கார வீட்டுப் புள்ள, சின்னப் படகுல போறது கௌரவக் குறைச்சல்னு நெனக்கிறீங்கன்னு..."

"வாயத் தொறந்தா அழுதிருப்பேன், கிராணியாரே. எங்க வாப்பாவுக்கு அப்புறம் எங்க வீட்டுல சுக்கான் புடிச்ச ஆளு நான்தான்."

அதையே விலைகேட்டு வாங்கலாமே என்றேன். அவர் சிரித்தார். "இப்பயா? எந்தப் பாறைக்கு மேல ஏத்தச் சொல்றீங்க?"

பார்வை முழுதும் அகன்ற பின்னர் அவர் அந்த ஒரு நாளைப் பற்றியே அடிக்கடி பேசுவார். "அந்த வெள்ளைப் பாயி என்னமா காத்தப் புடிச்சுது, இல்ல?" என்பார். என் நினைவில் உள்ளதோ மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த செம்பழுப்புப் பாய். ஆயினும் ஒவ்வொரு முறையும் "ஆமா, வெள்ளைதான்" என்றே விடை பகர்ந்தேன்.

என் நினைவே பிறழ்ந்ததாகவும் இருக்கலாம். அப்படகைக் காத்தோங் கரையிலோ காலாங்கிலோ கண்டவர் எவரேனும் இருப்பின், அதன் பாயின் நிறத்தையும், இங்கு நான் பிழைபடக் கூறிய பிறவற்றையும் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். என் முதுமையைக் கருதி இசைந்துபோக வேண்டா.